பஞ்சத்தை முன்னறிந்த ஏடு

இம்மலரில் ஆண்டுதோறும் இலக்கியமும் இசையும் சமயமும் பேசப்படுகின்றன. அவற்றைப் பேசுதற்குரிய புலமை எனக்கில்லை. புகைவண்டி அலுவலகத்தில் ஏடும் எண்ணும் எழுதிக் காலங் கழிப்பவன் யான். ஆதலின், எண்ணோடும் இருப்புப்பாதையோடும் தொடர்புடைய ஒரு வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். அது பஞ்சத்தின் வரலாறு; அதனினும், பஞ்சம் வருமுன் அதனை அறிந்து தடுக்க மக்கள் கண்ட வழியின் வரலாறு.

கரக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு இதில் இரட்டை உரிமை உண்டு. நம் முன்னோர் பிறந்த மண் 1876-ஆம் ஆண்டிலே ஒரு பெரும் பஞ்சத்தைக் கண்டது. நாம் பிழைக்க வந்த இம்மண் 1943-ஆம் ஆண்டிலே மற்றொன்றைக் கண்டது. முதற் பஞ்சம் ஒரு விதிநூலைத் தந்தது. இரண்டாம் பஞ்சத்தில் அவ்விதிநூல் விரிக்கப்படாமலே கிடந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவாகும்.

தாது வருஷம்

1876-ஆம் ஆண்டு தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அவ்வாண்டில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சேலம், கோயமுத்தூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களும், பல்லாரி, கர்நூல், கடப்பை முதலிய பகுதிகளும், மைசூரும், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதியும், ஐதராபாத்தும் வறண்டன. இரண்டாண்டுக் காலத்தில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பலரும் கொள்ளும் மதிப்பீடு. பசியால் மாண்டவரினும், பசியால் மெலிந்தபின் காலராவும் காய்ச்சலும் பற்றி மாண்டவர் மிகுதி. பிழைத்தவர் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினர். கும்மிப் பாட்டிலும் இப்பஞ்சம் இடம்பெற்று, பாட்டிமார் வாயிலாக நம் தலைமுறை வரை வந்துளது.

இல்லத்திலிருந்ததை ஈந்த பெருமக்களும் அக்காலத்தில் இருந்தனர். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். சென்னையில் கஞ்சித்தொட்டி என்ற சொல்லே இவ்வறத்தின் நினைவாகும். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நம் முதியோர் வழங்கினர். எனினும், அறம் எத்துணை பெரிதாயினும் கோடிக்கணக்கான வயிற்றுக்கு அது மட்டும் போதாது. அரசு செய்ய வேண்டியதை அரசே செய்தாக வேண்டும்.

ஒரு ராத்தல் தானியம்

அரசு செய்தது யாது? இங்கே சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரின் கதை அறியத்தக்கது. 1873-74-இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது அவர் வங்காளத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன்னுக்கு மேல் அரிசி தருவித்தார். பஞ்சச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும் அவருக்குக் கிடைத்த பரிசு, வீண் செலவு செய்தார் என்னும் பழியே. உயிர் பிழைத்தவர்களைக் கணக்கிட எவரும் முன்வரவில்லை. செலவான பணத்தையே அனைவரும் கணக்கிட்டனர்.

அதே டெம்பிள் 1877-இல் தென்னாட்டுப் பஞ்சத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்டார். பழிக்கு அஞ்சிய அவர் இம்முறை சிக்கனத்தின் உருவமாக வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் வெட்டும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். உழைக்கும் மனிதனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் வாதிட்டார். அதன் பயனாக அவ்வாண்டிலேயே படி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போயின.

வருமுன் காத்தலில் உள்ள இடர்ப்பாடு இதுவே. காத்தவன் செய்த செலவு கண்ணுக்குத் தெரியும். அவன் தடுத்த கேடு கண்ணுக்குத் தெரியாது. பஞ்சம் வாராதொழிந்தால் ‘பஞ்சமே வரவில்லையே, ஏன் செலவிட்டாய்?’ என்பர். வந்துவிட்டாலோ ‘ஏன் முன்பே செலவிடவில்லை?’ என்பர்.

விதிநூல் பிறந்தது

இத்தடுமாற்றத்துக்கு முடிவு காண 1878-இல் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்ச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1880-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அவ்வறிக்கையை ஒட்டிப் பஞ்ச நிவாரண விதிநூலின் மாதிரி வரையப்பட்டு, பின்னர் மாகாணந்தோறும் தனித்தனி விதிநூல் எழுந்தது.

மழை பொய்த்தால் முதற்கண் இல்லாமற் போவது தானியமன்று, வேலையே என்று அக்குழு கண்டது. களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் ஆள் தேவைப்படாதபோது உழவுத் தொழிலாளிக்குக் கூலி இல்லை. கூலி இல்லாதவனுக்கு அடுத்த ஊர்க் களஞ்சியம் நிறைந்திருந்தும் பயனில்லை. ஆதலின் வேலை கொடுத்துக் கூலி கொடுத்தலே முதல் மருந்தாயிற்று. வேலை செய்ய இயலாத முதியோர், குழந்தைகள், நோயாளர் ஆகியோர்க்கு இலவச உணவு. உழவர்க்கு நிலவரி வஜாவும், விதைக்கும் மாட்டுக்கும் தக்காவிக் கடனும் என வகுத்தனர்.

அதனினும் வியக்கத்தக்கது, துன்பத்தை முன்னறிய அவர்கள் வகுத்த அடையாளங்கள். தானிய விலை விரைந்து ஏறுதல். கடன் கொடுப்போர் கையை மூடிக்கொள்ளுதல். பிச்சை இடுவோர் குறைதல். தானிய வாணிகம் திடீரெனப் பரபரப்படைதல். சிறு திருட்டுகள் மிகுதல். மக்கள் கூட்டங் கூட்டமாக ஊர்விட்டு ஊர் அலைதல். இவற்றைக் கண்டவுடன் ‘சோதனை வேலை’ ஒன்றைத் திறக்க வேண்டும். குறைந்த கூலிக்குக் கடின வேலை. அதற்கும் மக்கள் திரண்டு வந்தால் துன்பம் மெய்யென்று கொண்டு முழு நிவாரணத்தையும் தொடங்க வேண்டும்.

அன்பர்கள் ஒன்றை உய்த்துணர வேண்டுகின்றேன். இவ்வடையாளங்களில் எதனையும் தலைநகரில் இருப்பவர் நேரில் காணார். சந்தை விலையைக் குறிப்பவன் ஒரு கீழ்நிலை எழுத்தன். ஊரைவிட்டுப் போனவரை அறிபவன் கிராமக் கணக்கன். திருட்டைப் பதிவு செய்பவன் காவல் நிலையத்தில் உள்ளவன். இச்சிறியோர் எழுதும் எண் பொய்யாயின் பெரியோர் செய்யும் முடிவும் பொய்யாகும்.

இருப்புப்பாதையின் இரு முகம்

பஞ்ச ஆணைக்குழு இருப்புப்பாதைகளைப் பெருக்குமாறும் பரிந்துரைத்தது. 1880-இல் இந்தியாவில் ஏறத்தாழ 9,000 மைல் நீளமிருந்த பாதை, 1900-இல் ஏறத்தாழ 25,000 மைலாக வளர்ந்தது. புகைவண்டியே பஞ்சத்தை ஒழித்தது என்று சிலர் எழுதுவர். புகைவண்டியே பஞ்சத்தைப் பெருக்கியது என்று வேறு சிலர் எழுதுவர். இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு.

தாது வருஷத்தில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய தானியம் பாதை உள்ள ஊர்வரை வண்டியிற் சென்றது. அதற்கப்பால் மாட்டு வண்டியே துணை. மாடுகளோ புல்லும் நீருமின்றி மடிந்துகொண்டிருந்தன. ஆகவே நிலையத்துக்கு அருகில் தானியமும், தொலைவில் பட்டினியுமாக நின்றன. மேலும், வண்டி தானியத்தைக் கொணரும் அதே பாதையில் கொண்டுபோகவும் வல்லது. காசுள்ள ஊரை நோக்கியே சரக்கு ஓடும். அப்பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதி நின்றபாடில்லை. வேகனுக்குக் கருணையும் இல்லை, கொடுமையும் இல்லை. வழிச்சீட்டில் எழுதிய ஊருக்கு அது போகும். அவ்வூர்ப் பெயரை எழுதுவோர் எதனை எண்ணி எழுதுகின்றனர் என்பதே கேள்வி.

விதிநூல் இருந்தும் 1896-97, 1899-1900 ஆகிய ஆண்டுகளின் பஞ்சங்களில் பல லட்சம் பேர் மாண்டனர். ஆயினும் அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் அத்தகைய பெருஞ்சாவு நிகழவில்லை. பஞ்சம் பழங்கதையாயிற்று என்று பலரும் நம்பினர்.

நாம் வாழும் மாவட்டம்

1942-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. பகைவர் கைக்குப் படகு அகப்படலாகாதென்று வங்காளக் கடற்கரைப் பகுதிகளில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றவல்ல படகுகளை அரசு அகற்றியது. கணக்கெடுத்த ஏறத்தாழ 66,500 படகுகளில் மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு பயனற்றுப் போயின. ஆறுகளே சாலைகளான நாட்டில், அது நெல்லின் காலை முறித்தது போலாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் நம் மேதினிபூர் மாவட்டத்தைக் கடும் புயல் தாக்கியது. காண்டாய், தம்லுக் பகுதிகளில் கடல் உட்புகுந்து ஏறத்தாழ 14,500 மக்களும், ஒரு லட்சத்து 90 ஆயிரம் கால்நடைகளும் மாண்டன. எஞ்சிய நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் பற்றியது.

இனி விலையைப் பாருங்கள். கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மார்ச்சில் 21 ரூபாய். மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேல். ஆகஸ்டில் 37 ரூபாய். விதிநூல் கூறிய முதல் அடையாளம் இதனினும் தெளிவாக எவ்வாறு தோன்றும்? மக்கள் ஊர்விட்டுக் கல்கத்தாத் தெருக்களுக்கு வந்து கஞ்சி கேட்டு விழுந்தனர். ஆயினும் பஞ்சம் என்று அரசு அறிவிக்கவில்லை. விதிநூலை நடைமுறைப்படுத்தினால் அதில் விதித்த அளவு உணவைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்க உணவில்லை, ஆகவே நடைமுறைப்படுத்தவில்லை என்று பொறுப்பு ஆளுநராயிருந்த சர் தாமஸ் ரூதர்போர்டு வைசிராய்க்கு எழுதினார். ஏடு செல்லரித்துப் போகவில்லை; அதில் உள்ளது நன்கு தெரிந்திருந்ததனாலேயே அது திறக்கப்படவில்லை!

ஆகஸ்டுத் திங்களில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் பஞ்சப் படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. அக்டோபரில் வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் பிரபு, உணவைக் கொண்டு செல்லப் படையினரை ஏவினார். மாண்டவர் பதினைந்து லட்சம் என 1945-இல் விசாரணைக் குழு கூறியது. பிற்கால ஆய்வாளர் இருபது லட்சம் முதல் முப்பது லட்சம் வரை கூறுவர். 1943-இல் வங்காளத்தில் இருந்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியினும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே குறைவு என்றும், விலையேற்றமும் கூலிக் குறைவுமே ஏழையைக் கொன்றன என்றும் பேராசிரியர் அமர்த்தியா சென் 1981-இல் எழுதினார். இக்கணக்கை மறுப்போரும் உளர். ஆயினும் கூலியும் விலையும் பற்றி 1880-ஆம் ஆண்டு அறிக்கை கண்ட உண்மையோடு அது ஒத்திருப்பது நோக்கத்தக்கது.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற இந்தியா இவ்விரு பாடங்களையும் மறக்கவில்லை. இந்திய உணவுக் கழகம் 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் நம் தஞ்சையிலே பணி தொடங்கியது. நெல் விளையும் மண்ணில் நாட்டின் களஞ்சியத்துக்குக் கால்கோள் இட்டது பொருத்தமே. 1967-இல் பீகாரில் பஞ்சம் என வெளிப்படையாக அறிவித்து நிவாரணம் செய்தனர். 1972-இல் மகாராட்டிரத்தில் கடும் வறட்சி வந்தபோது லட்சக்கணக்கானோர்க்கு வேலை கொடுத்தனர். அதன் வழி வந்ததே அம்மாநிலத்தின் வேலை உறுதித் திட்டம். 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வறட்சியை அளக்க இன்று மழைக் கணக்கும், அணை நீர்மட்டமும், மண்ணின் ஈரமும், செயற்கைக்கோள் காட்டும் பயிரின் பசுமையும் உதவுகின்றன.

இடரும் உருமாறி வருகின்றது. 2016-இல் மீரஜிலிருந்து லாத்தூருக்கும், 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும் குடிநீரை ஏற்றிச் சென்றவை நம் புகைவண்டிகளே. சென்னைக்குச் சென்ற முதல் வண்டி 25 லட்சம் லிட்டர் சுமந்தது. தானியத்தைச் சுமந்த பாதை தண்ணீரையும் சுமக்க நேர்ந்தது என்றால், அடுத்த அடையாளத்தை வயலில் மட்டுமன்று, கிணற்றிலும் ஏரியிலும் தேட வேண்டும் என்பதே பொருள்.

நம் காலனியின் இளைஞர் பலர் வருங்காலத்தில் அரசு அலுவலகங்களிலும், வங்கிகளிலும், இரயில்வேயிலும் எண் எழுதும் பணிக்கே செல்வர். அவர்கட்கு ஒரு சொல். கார்னிஷ் வாதிட்டது ஓர் எண்ணுக்காக. ஒரு ராத்தலுக்கும் ஒன்றரை ராத்தலுக்கும் இடையே உள்ள அரை ராத்தலுக்காக. அவ்வரை ராத்தலில் பல்லாயிரம் உயிர்கள் இருந்தன. கல்கத்தாவில் வாரந்தோறும் ஏறிய விலையும் ஏட்டில் ஒழுங்காக ஏறத்தான் செய்தது. எழுதியவன் கடமை தவறவில்லை. படித்தவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயினர். எண்ணை மெய்யாக எழுதுதலும், எழுதியதைக் கண்டபின் வாளாவிராமையும் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி எவ்விதிநூலும் ஒருபிடி சோற்றைக் கொடாது.