மொரோசோ: கெடு தப்பியவர்

சொன்ன தேதியில் பணம் கட்டாதவரை ஸ்பானிய மொழியில் 'மொரோசோ' என்பார்கள். அந்தத் தாமதத்துக்கு 'மொரோசிதாத்' என்று பெயர்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இது அந்நியச் சொல் அல்ல. மூலம் இலத்தீன் 'மோரா'. தாமதம் என்று பொருள். ஏமாற்று என்ற வாடையே அதில் கிடையாது. பள்ளியில் நாம் 'வசித்தல்' என்று படித்த 'தெமெரே' இதே வேரில் வந்தது. கெடு தப்பியவருக்கு அனுப்பும் 'மீஸ் ஆன் தெமெர்' நோட்டீசும், நாம் 2020-இல் வங்கித் தவணைக்காகக் கேள்விப்பட்ட 'மொராட்டோரியம்' என்பதும் இதன் உறவுகளே. சிடுசிடுப்பைக் குறிக்கும் ஆங்கில 'மொரோஸ்' மட்டும் வேறு வேர், ஒலிதான் ஒன்று.

ரோமானியச் சட்டத்தில் மோரா இரு பக்கமும் உண்டு. கட்டத் தவறிய கடனாளி மட்டுமல்ல, உரிய நேரத்தில் கொடுத்ததைக் காரணமின்றி வாங்க மறுத்தவரும் தாமதித்தவரே. 1889-ஆம் ஆண்டு ஸ்பானிய சிவில் சட்டத்தின் 1100-வது பிரிவுப்படி, பொதுவாகத் தேதி கடந்தால் மட்டும் போதாது. கடன் கொடுத்தவர் கேட்க வேண்டும். அதன் பிறகே மோரா.

கேட்பதற்கும் அங்கே ஒரு வேடிக்கையான வழி உண்டு. கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்த வசூல்காரர் கடனாளியின் பின்னாலேயே தெருவில் நடப்பார். மானம் போகுமே என்று பணம் வந்துவிடும்!

ஆனால் பெரிய வாடிக்கையாளரிடம் சிறு வியாபாரி எப்படி வாய்விட்டுக் கேட்பார்? அடுத்த ஆர்டர் போய்விடுமே. இதற்காகவே 2004-இல் தனிச் சட்டம் வந்தது. வணிகக் கடனில் கெடு தாண்டினால், நினைவூட்டல் இல்லாமலே வட்டி ஓடும். 2010-இல் கம்பெனிகளுக்கு 60 நாள், அரசுத் துறைகளுக்கு 30 நாள் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். அப்படியும் நகராட்சிகளின் பழைய பாக்கியைத் தீர்க்க, 2012-இல் மத்திய அரசு தனி நிதி ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன். மொரோசோ என்றதும் ஏழைக் கடனாளி முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. கையெழுத்துக்காகக் கோப்பில் தூங்கும் ஒப்பந்தக்காரரின் பில்லும் மோராதான். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே.