ஃபார்ம் எனர்ஜி

ஃபார்ம் எனர்ஜி இரும்பு-காற்று மின்கலங்களை உருவாக்கும் அமெரிக்க நிறுவனம். 2017இல் தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சாமர்வில் நகரில் உள்ளது. இதன் மின்கலங்கள் செல்பேசிக்கோ காருக்கோ உரியவை அல்ல. காற்று ஓய்ந்து, வானமும் மூடிக்கிடக்கும் நாட்களில் தொடர்ந்து 100 மணி நேரம் மின்தொகுப்புக்கு மின்சாரம் தருவதற்காக இவை வடிவமைக்கப்பட்டுள்ளன. மின்தொகுப்புகளில் இன்று பரவலாக உள்ள லித்தியம் மின்கலங்கள் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கே திட்டமிடப்படுகின்றன.

இவற்றுக்கு அடிப்படை துருப்பிடித்தல். கார நீர்க்கரைசலில் மூழ்கிய இரும்பு, காற்றிலிருந்து வரும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து துருவாக மாறும்போது மின்சாரம் வெளிப்படுகிறது. எதிர்த்திசையில் மின்சாரம் செலுத்தினால் துரு மீண்டும் இரும்பாகி, ஆக்சிஜன் வெளியேறுகிறது. கரைசல் நீராலானது என்பதால் தீப்பற்றும் அச்சம் இல்லை.

இந்தக் கருத்து நிறுவனத்தைவிட அரை நூற்றாண்டு மூத்தது. 1960களின் இறுதியில் நாசாவும், 1970களில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் இதை முயன்று பார்த்தனர். ஏற்றம் செய்யும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி நீரைப் பிரித்து ஹைட்ரஜனாக வீணானது. காற்று மின்வாயிலும் இழப்பு மிகுதி. மின்சார வாகனத்துக்கு இது ஒத்துவராததால் ஆர்வம் வடிந்தது. 2012இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீ நாராயணின் குழு, இரும்பு மின்வாயில் சிறிதளவு பிஸ்மத் சல்பைடு சேர்த்து ஹைட்ரஜன் இழப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியது. கைவிடப்பட்ட ஆய்வுகளுக்கு மறுவாழ்வு தந்த பணிகளில் இது முக்கியமானது.

டெஸ்லாவில் மின்சேமிப்புப் பிரிவை வளர்த்த மடேயோ ஜரமியோவும், ஏ123 சிஸ்டம்ஸ் என்ற லித்தியம் மின்கல நிறுவனத்தின் இணை நிறுவனரான எம்.ஐ.டி. பேராசிரியர் யெட்-மிங் சியாங்கும் முதலில் தனித்தனி முயற்சிகளில்தான் இருந்தனர். அவை ஒன்றிணைந்து ஃபார்ம் எனர்ஜி பிறந்தது. டெட் வைலி, வில்லியம் வுட்ஃபோர்டு, மார்க்கோ ஃபெராரா ஆகியோர் மற்ற நிறுவனர்கள். எந்த உலோகத்தை நம்பியிருக்கிறோம் என்பதை இவர்கள் 2021 ஜூலையில்தான் வெளியிட்டனர்.

செலுத்திய மின்சாரத்தில் பாதிக்கும் குறைவாகவே இரும்பு-காற்று மின்கலம் திருப்பித் தருகிறது. ஒரு காலத்தில் இந்தத் தொழில்நுட்பத்தை ஓரங்கட்டிய குறை இதுவே. ஆனால் ஆண்டில் சில முறை மட்டும் முழுமையாகத் தேவைப்படும் சேமிப்புக்குத் திறனைவிடக் கட்டுமானச் செலவே முதன்மை. ஒரு கிலோவாட் மணிக்கு 20 டாலருக்கும் குறைவு, அதாவது லித்தியம் மின்கலச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது நிறுவனத்தின் இலக்கு. ஆய்வகத்தின் அளவுகோலை விட்டு மின்வாரியத்தின் தேவையிலிருந்து கணக்கைத் தொடங்கியதே இவர்களின் உண்மையான சாதனை என்று சொல்ல வேண்டும். எடையும் இங்கே தடையில்லை; துணி துவைக்கும் இயந்திரம் இரண்டு அளவுள்ள பெட்டிகளை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்திவிடலாம்.

2021இல் எஃகு நிறுவனமான ஆர்சிலர்மிட்டலின் புத்தாக்க நிதி முதலீட்டுக்குத் தலைமை தாங்கியது. 2022இல் 45 கோடி டாலரும், 2024இல் 40.5 கோடி டாலரும் திரண்டன.

மேற்கு வர்ஜீனியாவின் வியர்ட்டன் நகரைத் தொழிற்சாலைக்குத் தேர்ந்ததை 2022 டிசம்பரில் அறிவித்தனர். ஓகாயோ ஆற்றங்கரையில் உள்ள இவ்வூர் எஃகு ஆலையால் உருவானது. ஒரு காலத்தில் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை பார்த்தனர். 1984இல் தொழிலாளர்களே ஆலையை வாங்கினர். 2003இல் அது திவாலானது. பின்னர் அதே ஆலை சில ஆண்டுகள் ஆர்சிலர்மிட்டல் வசமும் இருந்தது. பழைய ஆலை நிலத்தில் 76 கோடி டாலர் முதலீட்டுடன் 750 வேலைகள் என்பது திட்டம். மாநில அரசு 29 கோடி டாலர் வரை உதவ முன்வந்தது. 2023இல் கட்டுமானமும் 2024இல் உற்பத்தியும் தொடங்கின. இரும்பை மட்டுமே அறிந்த ஊருக்கு இரும்பைக் கொண்டே வேலை வந்தது.

மின்னசோட்டாவின் கேம்பிரிட்ஜ் ஊரில் கிரேட் ரிவர் எனர்ஜி கூட்டுறவுக்காக 1.5 மெகாவாட் முன்னோடி நிலையத்தின் கட்டுமானம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. எக்செல் எனர்ஜி நிறுவனம், மூடப்படவுள்ள நிலக்கரி மின்நிலையங்களை ஒட்டி பெக்கர், புவெப்லோ ஆகிய இடங்களில் தலா 10 மெகாவாட் அமைக்க 2023இல் ஒப்புக்கொண்டது. மெய்ன் மாநிலத்தின் லிங்கன் ஊரில், பழைய காகித ஆலை நிலத்தில் 85 மெகாவாட் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. 100 மணி நேரக் கணக்கில் அதன் கொள்ளளவு 8,500 மெகாவாட் மணி.