கட்டளைக்கு ஒரு துணைச்சீட்டு

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணினித் துறையில் இருக்கிறார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரியைத் தட்டி வேலை வாங்குகிறார்களே, அதற்குக் கட்டளை வரி என்று பெயர். முதலில் நிரலின் பெயர். தொடர்ந்து அது எந்தக் கோப்புகளை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற விவரம். விவரம் பெருகி வரியில் இடம் பற்றாமல் போனால்? வியாபாரிக்கு விடை தெரியும். 'சரக்கு விவரம் தனிச்சீட்டில்' என்று எழுதிச் சீட்டை இணைத்துவிடுவோம். கணினி வல்லுநர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அந்தச் சீட்டை வாசிக்கும் முறைக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

1981-ல் வந்த எம்.எஸ்.டாஸில், நிரலின் பெயருக்குப் பின்வரும் விவரத்துக்கு ஒதுக்கிய இடம் 128 பைட்தான். நீளம் குறிக்க ஒன்று, முடிவு குறிக்க ஒன்று போனால் மிச்சம் 126. முன்னோடியான சிபி/எம் அமைப்பிலிருந்து வந்த அளவு இது. துண்டு துண்டாக எழுதிய நிரலை ஒன்றாகக் கோக்கும் 'லிங்க்' என்ற கருவிக்கு இது எப்படிப் போதும்? லிங்க் நான்கு கேள்வி கேட்கும்: எந்தத் துண்டுகள், விளைவுக்கு என்ன பெயர், பட்டியல் எதில், எந்த நூலகங்கள். பதில்களை ஒரு கோப்பில் எழுதி, கோப்பின் பெயருக்கு முன் @ குறியிட்டுக் கொடுத்தால் அது படித்துக்கொள்ளும். 'ரெஸ்பான்ஸ் ஃபைல்', அதாவது பதில் கோப்பு என்ற பெயருக்குக் காரணம் இதுவே.

யூனிக்ஸின் வழி வேறு. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான பி.டபிள்யூ.பி. யூனிக்ஸில் 'எக்ஸ்ஆர்க்ஸ்' வந்தது. அது பட்டியலை வாங்கி, வரி கொள்ளுமளவு பங்கு போட்டு, கட்டளையைத் திரும்பத் திரும்ப நடத்தும். இங்கேதான் வம்பு. இடைவெளி வந்தால் பெயர் முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். 'பழைய கணக்கு' என்ற கோப்பை அழிக்கச் சொன்னால் 'பழைய' ஒன்று, 'கணக்கு' ஒன்று என இரண்டாகப் பிரிக்கும். அங்கே 'கணக்கு' என்றே வேறொரு கோப்பு இருந்தால் நடப்புக் கணக்கு போச்சு! இதற்குப் பரிகாரமாக, கோப்புப் பெயரில் வரவே முடியாத சுழி பைட்டைப் பிரிப்பானாக வைக்கும் முறை க்னூ கருவிகளில் வந்தது. 2024-ல் பாசிக்ஸ் தரநிலையிலும் சேர்ந்தது.

@ குறியை இன்று பலரும் ஏற்கிறார்கள். வழக்கம்தான் ஒன்றாக இல்லை. பைதானின் ஆர்க்பார்ஸ், கேட்டுக்கொண்டால், வரிக்கு ஒன்றாகப் படிக்கும். ஜி.சி.சி. இடைவெளியில் பிரிக்கும், மேற்கோள் குறிக்குள் இருந்தால் சேர்த்தே கொள்ளும். சீட்டுக்குள் சீட்டை ஜி.சி.சி. அனுமதிக்கும், 2017-ல் வந்த ஜாவா 9 இயக்கி அனுமதிக்காது. சீட்டே இல்லையென்றால் பைதான் பிழை சொல்லும்; ஜி.சி.சி. அந்தச் சொல்லையே அப்படியே எடுத்துக்கொள்ளும்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. 'கணக்கு' நமக்கு நான்கு எழுத்து, யூ.டி.எஃப்-8 முறையில் 18 பைட். பழைய 126-க்குள் இந்தச் சொல் ஏழு தடவைதான் அடங்கும். ஆகவே தமிழில் பெயர் வைப்பவருக்குத் துணைச்சீட்டு இன்னும் அவசியம்.

ஒரு சரக்கு எங்கே முடிகிறது, சீட்டுக்குள் சீட்டு உண்டா, சீட்டு தொலைந்தால் என்ன செய்வது: இந்த மூன்றிலும் எழுதுபவரும் வாசிப்பவரும் ஒத்துப்போக வேண்டும். நிரல் எழுதும் நம் பிள்ளைகள் இம்மூன்றையும் கையேட்டில் முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. பின்னால் வருபவருடைய கணக்கு காணாமல் போகாது.