காம்பு போகும் வழி

புதினாக் கட்டில் இலையை ஆய்ந்து முடித்ததும் காம்பு குப்பைக்குப் போகிறது. அந்தக் காம்புதான் செடி. புதினா ஊர் விட்டு ஊர் போனது பெரும்பாலும் விதையாக அல்ல, தண்டாகத்தான்.

மிட்டாயிலும் பற்பசையிலும் நாம் அறிந்த பெப்பர்மின்ட்டைப் பாருங்கள். நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட் புதினாவும் கலந்து பிறந்த இனம் அது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த செடியைக் கொண்டு தாவரவியலாளர் ஜான் ரே 1696-இல் அதைப் பதிவுசெய்தார். கலப்பினமானதால் அது பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. லண்டனுக்குத் தெற்கே மிட்சம் வயல்களில் அது பெருகியதும், அந்த மிட்சம் வகை கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகனில் பயிரானதும் தண்டுத் துண்டுகளால்தான். மனிதர் கை ஒன்று வெட்டி, இன்னொரு கை ஊன்றாமல் இந்தச் செடி இவ்வளவு தூரம் போயிருக்காது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் வீட்டிலும் வழி அதுதான். தடித்த, பசுமையான காம்பைக் கணுவுக்குக் கீழே நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிற்க வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம். ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் புதினா பக்கவாட்டில்தான் ஓடும். மண்ணின் மேலும் அடியிலும் தண்டு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். கொத்தமல்லியோடு ஒரே தொட்டியில் வைத்தால் கொத்தமல்லிக்கு இடமிருக்காது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் புதினாவுக்குப் பிடிக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் விட்டால் கருகிவிடும். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம்.

நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை வரும். மொட்டு தெரிந்தால் தயங்காமல் வெட்டுங்கள், பூத்தபின் இலை சிறுத்துவிடும்.

மணம் இருப்பது இலையின் மேலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில். நெடுநேரம் கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். துவையலுக்கு உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, பெருங்காயம் எல்லாம் வறுபட்டு முடிந்த பிறகே இலையைப் போட்டு, சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். ரசத்திலும் அடுப்பை அணைக்கும் நேரத்தில்தான். கடைக்கட்டு இரண்டு நாளில் வாடிவிடுகிறது. தொட்டியில் பறித்த இலையோ அடுப்படிக்கு வரும்வரை விறைப்பாக நிற்கிறது. வீட்டில் ஒரு செடி வளர்க்க இடமிருந்தால் அது புதினாவாகட்டும் என்பேன்.

ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், வேர் சுற்றிச் சுற்றி நிறைந்திருக்கும். பாதியைப் புது மண்ணில் நடுங்கள். மீதியை ஈரத்துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், முதல் சில நாள் நிழலில் வைக்கச் சொல்லி.