மாடர்ன் தியேட்டர்ஸ் சுந்தரமும் குண்டலகேசியும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் பின்னே இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இன்று இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. அதை நிறுவிய டி.ஆர்.சுந்தரத்தின் பெயரை நம் இலக்கிய வரலாற்று நூல்களில் காண்பது அரிது. அவருக்கு அங்கே ஓரிடம் வேண்டும் என்பது என் துணிபு. அவர் இலக்கியத் தொண்டர் என்பதால் அன்று. அவர் பரபரப்பை விற்ற வணிகர்.

1907இல் திருச்செங்கோட்டில் நூல் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர் சுந்தரம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து நாடு திரும்பினார். ஆலை முதலாளியாக வேண்டியவரைத் திரைப்படம் ஈர்த்தது. பின்னலாடையால் வாழும் ஊரினராகிய நாம் அவரது தொழில்முறையை எளிதில் விளங்கிக்கொள்வோம். நேரந்தவறாமை, திங்கள் ஊதியம், குறித்த செலவு, ஆண்டுக்குச் சில படங்கள் என்று ஆலையின் ஒழுங்கையே அவர் கலைக்கூடத்திலும் நிறுவினார்.

1937இல் வெளிவந்த முதற்படமாகிய 'சதி அகல்யா'விலேயே அவரது நாட்டம் புலனாகிறது. கதை புராணம், ஆனால் பேசப்பட்டதோ இலங்கையிலிருந்து வந்த நடிகை தவமணி தேவியின் உடையலங்காரம். 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் தோன்றச் செய்தார். 1952இல் அமெரிக்கக் கூட்டுறவில் 'தி ஜங்கிள்' என்னும் படம் எடுக்கப்பட்டது. வரலாற்றுக்கு முற்பட்ட மாமத யானைகள் இந்தியக் காட்டில் உலவுவதாகக் கதை. நம் யானைகளுக்கே மயிர்ப் போர்வை போர்த்தி நடிக்கவைத்தனர். நெசவு படித்தவர் துணியை இப்படியும் பயன்படுத்தினார்! 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாயிற்று. கூட்டம் எதைக் காண விழையும் என்பதே அவரது அளவுகோல்.

இத்தகையவரிடம் நம் காப்பியங்கள் எவ்வாறு சென்று சேர்ந்தன என்பதே எண்ணத்தக்கது. 1942இல் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அவரிடம் 'மனோன்மணி' ஆயிற்று. 1950இல் பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 'பொன்முடி' என வெளிவந்தது. அதனை இயக்கிய அமெரிக்கர் எல்லிஸ் ஆர்.டங்கன் அமைத்த காதற்காட்சிகள் கண்டனத்துக்குள்ளாயின. 1952இல் வந்த 'வளையாபதி'க்குப் பாரதிதாசனே உரையாடல் எழுதினார்.

இவற்றுள் எனக்கு முதன்மையாகப் படுவது 1950இல் வெளிவந்த 'மந்திரிகுமாரி'. குண்டலகேசியில் நமக்குக் கிடைத்துள்ள பாடல்கள் 19 மட்டுமே. கதையை நீலகேசி உரையால் அறிகிறோம். கள்வனைக் காதலித்து மணந்தவள், அவன் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்து வந்ததை அறிந்து, அவனையே தள்ளிவிட்டுத் துறவு பூணுகிறாள். கருணாநிதி இதனை நாடகமாக எழுதினார். பின்னர் அதுவே திரைவடிவம் பெற்றது. டங்கன் இடையில் அமெரிக்கா திரும்ப, எஞ்சிய பகுதியைச் சுந்தரமே இயக்கி முடித்தார். மருதகாசியும் கா.மு.ஷெரீபும் பாடல் எழுதினர். மாதுரி தேவி எஸ்.ஏ.நடராசனை மலையுச்சியிலிருந்து வீழ்த்தும் அக்காட்சிக்காகவே மக்கள் மீண்டும் மீண்டும் வந்தனர்.

வகுப்பில் நான் குண்டலகேசியை நடத்தும்போதெல்லாம் பௌத்த அறக்கருத்துகளையே முன்வைத்து வந்தேன். மாணவியர் குறிப்பெடுத்துக்கொள்வர், முகத்தில் சலனம் இராது. ஒருமுறை மலையுச்சியிலிருந்து தொடங்கினேன். வகுப்பு முழுதும் நிமிர்ந்து அமர்ந்தது. காதலித்துக் கரம்பிடித்தவனே கொலைகாரனாய் நிற்கும் கணத்தில் ஒரு பெண் என்ன செய்வாள் என்னும் வினாவே அக்காப்பியத்தின் உயிர்நிலை. புலமையின் பேரால் நாங்கள் மறைத்துவிட்ட அதனை நூல் வணிகக் குடும்பத்து மனிதர் சந்தைக்கண் கொண்டே கண்டுகொண்டார். பரபரப்பு என்று நாம் ஒதுக்குவது சில வேளைகளில் மூலநூலின் நெஞ்சாகவே இருந்துவிடுகிறது.

இதனால் அவர் செய்தன யாவும் ஏற்புடையன என்பேனல்லேன். அந்நிறுவனத்தின் கதை இலாகாவில் கண்ணதாசனும் பணிபுரிந்தார். வணிகத்தின் தேவைக்குக் கவிஞரின் சொல் வளைய நேர்ந்த இடங்களும் அங்கே இருந்திருக்கவே வேண்டும். கூலிக்கு எழுதும் எக்கூடத்திலும் அது உண்டு. எனினும் பாவலர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் என்பது அக்காலத்தில் வேறெங்கே எளிதிற் கிடைத்தது?

1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தை இயக்கினார். தையலிட்ட ஒரு பழஞ்சட்டையே அப்படத்தின் பெயர். 1963 ஆகஸ்டில் தம் 56ஆம் வயதில் மறைந்தார். அவர் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரைக் கொண்டு துப்பறியும் படங்கள் எடுத்துச் சில காலம் நிறுவனத்தை நடத்தினார். பின்னர் அரங்குகள் அகற்றப்பட்டு, அங்கே வீடுகள் எழுந்தன.