கட்டு முதல் பயிற்சி வரை: முட்டி ஜவ்வுச் சிகிச்சையின் வரலாறும் காஞ்சிபுரத்துத் தறிக்குழியும்

முட்டியின் முன் சிலுவை ஜவ்வு முழுதாக அறுந்தால் தானாகக் கூடுவது அரிது. மூட்டுக்குள் ஊறும் நீர்மம் இரத்தம் உறைந்து நிலைக்க விடாது. உறையாத இடத்தில் புது நார் பிடிக்காது. உட்பக்க ஜவ்வு அப்படியல்ல, பெரும்பாலும் அறுவையின்றியே ஆறிவிடும். இந்த வேறுபாடு விளங்காத காலத்தில் எல்லா முட்டிக் காயத்துக்கும் கட்டும் ஓய்வும்தான் வைத்தியம்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் கட்டுக்குப் பெயர்போனது புத்தூர். திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் அவ்வூரின் எலும்புக்கட்டு மரபு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. முறிந்த எலும்புக்கு அசையாமை வேண்டும். ஜவ்வுக்கோ நீண்ட அசையாமை கேடு. சில வாரங்களிலேயே தொடைத்தசை வற்றி, முட்டி இறுகிப்போகும். இதற்காக நாட்டு வைத்தியரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895இல் சிலுவை ஜவ்வைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் தொடைப்பட்டைத் திசுவால் புது ஜவ்வு அமைத்தார். அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மேலைநாட்டு மருத்துவமனைகள் மாவுக்கட்டையே நம்பின.

எதிர்த்திசையில் முதல் அடி போர்க்காலத்தில் விழுந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களின் தொடைத்தசைக்குப் படிப்படியாக எடை கூட்டிப் பயிற்சி அளித்த முறையை 1945இல் வெளியிட்டார். இந்தியாவில் பிசியோதெரபிக்கு வழி திறந்தது போலியோ. பம்பாயில் அந்நோய் பரவியதையடுத்து, 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி உருவானது. காஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள வேலூரில், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மறுவாழ்வு நிலையம் பிறந்தது. இப்பகுதியின் பிசியோதெரபி வரலாற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் கருத்து.

ஜவ்வுச் சிகிச்சையில் பெரிய திருப்பம் 1990இல் வந்தது. மருத்துவர் சொன்னதைக் கேட்காமல் சீக்கிரமே காலை நீட்டி மடக்கி ஊன்றி நடந்தவர்களே நன்றாகத் தேறியிருந்ததை இண்டியானாபோலிஸ் மருத்துவர் ஷெல்போர்ன் கவனித்தார். அதையே முறையாக வகுத்து வெளியிட்டார். 2010இல் ஸ்வீடன் ஆய்வு மேலும் நெடுந்தூரம் சென்றது. ஜவ்வு அறுந்த 121 இளையோரில், பயிற்சியோடு தொடங்கித் தேவைப்பட்டால் பிறகு அறுவை என்ற குழுவும், உடனே அறுவை செய்துகொண்ட குழுவும் ஈராண்டு முடிவில் ஒரே நிலையில் இருந்தன. முதற்குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த ஈராண்டில் அறுவைக்கே போகவில்லை. 2016இல் வந்த நார்வே ஆய்வின்படி, அறுவைக்குப் பின் ஒன்பது மாதம்வரை விளையாட்டைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது.

இந்த அளவுகோல்கள் எல்லாம் விளையாட்டு வீரர்களை வைத்து எழுந்தவை. காஞ்சியில் கபடி ஆடி முட்டி முறுக்கிய இளைஞருக்கு அவை பொருந்தும். பைக்கிலிருந்து விழுந்த நெசவாளர் திரும்ப வேண்டியது குழித்தறிக்கு. அங்கே முட்டியை மடக்கியபடி மணிக்கணக்கில் அமர்ந்து மிதியை அழுத்த வேண்டும். தரைமட்டத்திலிருந்து குழிக்குள் காலை இறக்குவதும், கையூன்றி எழுவதும் ஜவ்வுக்கு மிதிப்பதைவிடக் கடுமையான சோதனை. சேலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒன்பது மாதம் என்பது வருமானமற்ற காலம். வலி குறைந்ததும் தறியில் உட்கார்ந்துவிடுகிறார். ஆனால் அறுவையில் ஒட்டிய புது ஜவ்வு மிகப் பலவீனமாக இருப்பது, வலி தணிந்துவிடும் முதல் சில மாதங்களில்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. தறியும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், பயிற்சியாளர் தறியைக் கண்ணால் பார்த்துப் பயிற்சி வகுக்க முடியும்: முதலில் முட்டி முழுதாக நீள வேண்டும், பிறகு தொடைத்தசை, காயம்படாத காலோடு ஒப்பிடத்தக்க வலுப் பெற வேண்டும், அதன்பின் குழியின் விளிம்பிலிருந்து காயம்பட்ட காலை ஊன்றித் தடுமாறாமல் எழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை பாவு புணைத்தல், நூல் சுற்றுதல் போன்ற வேலைகளில், குந்தாமல் செய்யக்கூடியவற்றை நாற்காலியில் அமர்த்தித் தரலாம். கூலியும் அடியோடு நிற்காது.