பொருத்தும் ஊர் மாறினால் சார்பு நீங்குமா? ஆப்பிளும் சீனாவும்

ஆப்பிள் நிறுவனம் சீனாவைச் சார்ந்திருப்பதன் ஆபத்தைப் பேசுவோர் பெரும்பாலும் ஆலை நின்றுபோகும் நாளைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஏறத்தாழ அப்படி ஒரு நாள் 2022இல் வந்தது. செங்சௌ நகரில் பாக்ஸ்கான் நடத்தும் ஐபோன் ஆலையில் கொரோனா முடக்கத்துக்கு அஞ்சிய தொழிலாளர்கள் வேலி தாண்டி, நெடுஞ்சாலை வழியே ஊருக்கு நடந்தார்கள். நவம்பரில் ஊதியத் தகராறு மோதலாக முற்றியது. அந்தக் காலாண்டில் ஆப்பிளின் வருவாய் முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு சரிந்தது. பிறகு ஆலை மீண்டும் முழுவீச்சில் ஓடியது. இந்த இழப்பைக் கணக்கிடுவது எளிது. ஆலை தடையின்றி ஓடும் ஆண்டுகளில் எது கைமாறுகிறது என்று கணக்கிடுவது கடினம். ஆய்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஆப்பிள் செய்வதை ஒப்பந்த உற்பத்தி என்று மட்டும் சொல்வது போதாது. கலிபோர்னியாவின் எல்க் குரோவில் இருந்த தன் ஆலையில் 2004இல் உற்பத்தியை நிறுத்திய அந்நிறுவனம், சீனாவில் பிறருடைய ஆலைகளுக்குள் தன் பணத்தில் இயந்திரங்களை வாங்கி நிறுத்தியது. பொறியாளர்களை அனுப்பி அங்குள்ளவர்களைப் பழக்கியது. அமெரிக்காவில் அச்சு, கருவி செய்யும் டூல் ரூம் பொறியாளர்களைத் திரட்டினால் ஓர் அறை நிறையுமா என்பதே சந்தேகம், சீனாவிலோ பல கால்பந்துத் திடல்கள் நிறையும் என்று தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் 2017இல் குவாங்சௌ கூட்டமொன்றில் கூறினார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கடன்பட்டவரின் வாக்குமூலமாகவும் அதை வாசிக்கலாம்.

அரசியல் விலை தவணை முறையில் வசூலிக்கப்பட்டது. 2013 மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி ஆப்பிளின் உத்தரவாத விதிகளைச் சாடியது. ஏப்ரல் முதல் நாளே குக் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். 2017இல் தணிக்கையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலிகள் சீன ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கின. 2018 பிப்ரவரியில் சீனப் பயனர்களின் ஐகிளவுட் தரவுகள் குய்சோவ் மாகாண அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயின. 2019 அக்டோபரில், ஹாங்காங் போராட்டக்காரர்கள் காவல்துறையின் நடமாட்டத்தை அறியப் பயன்படுத்திய வரைபடச் செயலி அகற்றப்பட்டது.

உள்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பதே நிறுவனம் வழக்கமாகச் சொல்லும் விடை. விடை பொய்யில்லை; சிக்கலே அதுதான். 2016இல் சான் பெர்னார்டினோ கொலையாளியின் ஐபோனைத் திறக்க உதவுமாறு எஃப்பிஐ பெற்ற நீதிமன்ற ஆணையை ஆப்பிள் ஏற்க மறுத்தது, பகிரங்கக் கடிதம் எழுதியது, வழக்காடியது. இறுதியில் அரசே பின்வாங்கியது. அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஆட்சியாளரை எதிர்த்து வாதாட ஒரு மன்றம் இருந்தது. கட்சியின் விருப்பமும் சட்டமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட நாட்டில் அதே நிறுவனத்துக்கு இணங்குவது அல்லது வெளியேறுவது என்ற இரண்டே வழிகள் உண்டு. வெளியேறும் வழியைத் தன் முதலீட்டாலேயே அது அடைத்துக்கொண்டது.

பெய்ஜிங்குக்கும் லட்சக்கணக்கான வேலைகள் தேவைதானே, பிடி இருபக்கமும் இருக்கிறதே என்று வாதிடுவோர் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் இது வலுவான வாதம். ஆனால் கற்றுக்கொண்ட தொழிலை யாரும் திருப்பித் தருவதில்லை. பாக்ஸ்கானில் வேலைபார்த்த வாங் லாய்சுன் 2004இல் தொடங்கிய லக்ஸ்ஷேர் இன்று ஐபோனையே பொருத்துகிறது. 2020இல் தைவானிய விஸ்ட்ரானின் குன்ஷான் ஆலையும் அதன் கைக்கு வந்தது. பழகிய கைகள் உள்நாட்டுக் கைபேசிகளுக்கும் பயன்படுகின்றன. ஆண்டுதோறும் ஆப்பிளின் பேரம்பேசும் வலிமை குறைகிறது.

ஐபோன் பொருத்தப்படும் நம் ஸ்ரீபெரும்புதூர் சீனாவுக்கு மாற்றாகுமா? அமெரிக்கா சீனப் பொருள்கள்மீது வரியை ஏற்றிய 2025இல், அந்த ஜூன் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வரும் என்று குக் அறிவித்தார். நம் நாளேடுகள் மகிழ்ந்தன. மகிழ்ச்சிக்குக் காரணமும் உண்டு. ஆனால் இங்கே நடப்பது பெரும்பாலும் இறுதிப் பொருத்துதல். உதிரிபாகங்களும் உற்பத்தி இயந்திரங்களும் இன்னும் பெருமளவு சீனாவிலிருந்தே வருகின்றன. அதே ஆண்டு பாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஆலை எதையும் மூடாமலே, உற்பத்தி சீனாவை விட்டு வெளியேறும் வேகத்தை மட்டுப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். எனவே எத்தனை கைபேசிகள் எந்நாட்டில் பெட்டியிடப்பட்டன என்ற எண்ணிக்கை சார்பை அளக்காது. அச்சுகளையும் இயந்திரங்களையும் செய்து பழுதுபார்ப்போர் எந்நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லை கடக்க யாருடைய அனுமதி தேவை என்பதே அளக்க வேண்டியது.